அக்கட்டால நில்லு

என் தம்பி ஒரு பேண்டு நடத்துகிறான் என்று கேள்விப்பட்டபோது, கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டு செட் என்றுதான் நினைத்தேன். பரவாயில்லையே, பயல் உருப்பட்டுவிட்டான், மாசத்துக்கு நாலு முகூர்த்தம் கிடைத்தால் போதுமே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. அது யாரும் கூப்பிடாத பேண்டு. கூப்பிட்டாலும் மேடை ஏறாத பேண்டு. நோட்டீஸ் கிடையாது, பேர் கிடையாது, யூடியூபில் போடுவது கிடையாது. ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் மட்டும்தான் வாசிப்பார்களாம். செங்கல் சூளை, தேங்காய்க் களம், எஸ்டேட் லயம், இப்படி. "அப்பச் சோத்துக்கு?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அக்கா நீ இருக்கியே" என்றான். சிரித்துக்கொண்டே வேறு சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடகரப்பதியில் எனக்கு ஒரு கோழி ஷெட் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் குஞ்சை இறக்கித் தீவனமும் கொடுப்பார்கள். நாங்கள் வளர்த்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் பார்த்துக்கொண்டார். ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பார்க்கிறேன். ஒரே மகள். அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

கோழிகளை லாரியில் ஏற்றிவிட்ட பிறகு, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நாள் சும்மா போட்டு வைப்பது வழக்கம். அந்த நாட்களைத்தான் என் தம்பி மோப்பம் பிடித்து வந்தான். "ஏனக்கா, ஷெட்டு சும்மாத்தான கெடக்குது? நாங்க பழகிக்கறோம்" என்றான். பின்னாலேயே நாலு பேர். இரண்டு கிடார், ஒரு உருமி, ஒரு தப்பட்டை. உருமிக்காரனுக்கு என் மகளைவிட நீளமான முடி. பாடுகிறவள் ஒரு பெண், சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், கோயமுத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை. "பாட்டுன்னு சொல்லிப்போட்டுக் கஞ்சா கிஞ்சான்னு ஏதாச்சும் மோந்தேன், சுண்ணாம்புத் தொட்டியிலயே முக்கிருவேன்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும், "டீ கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்துவிட்டது.

அவர்கள் வாசித்ததை ஆரம்பத்தில் பாட்டு என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கரை வைத்து அலறினால் அது என்ன கேட்கும்? தோட்டத்து நாய்கள் பஞ்சாயத்து எல்லை தாண்டி ஓடின. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வண்டி சொன்ன நாளுக்கு முன்னாலேயே குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. தகரத் தடுப்புக்குள் பல்பு வெளிச்சத்தில் அன்று பொரித்த குஞ்சுகள் மஞ்சளாக மேய்ந்துகொண்டிருந்தன. அது தெரியாமல் இவர்கள் மறுகோடியில் வயரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினார்கள். அவ்வளவுதான், அத்தனை குஞ்சும் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது. அடியில் மாட்டினது மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் கத்திக்கொண்டே ஓடி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துப் போட்டேன். அவர்களும் ஓடிவந்து மண்டிபோட்டுப் பிரித்தார்கள். சில குஞ்சுகள் போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது.

அன்று நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர்கள் போகவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி வேனில் போட்டார்கள். தப்பட்டைக்கு என் பழைய சேலையைச் சுற்றினார்கள். கிடாரை நகத்தால் இல்லாமல் விரல் சதையால் மீட்டினார்கள். அந்தப் பெண் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடினாள். குஞ்சுகள் அவை பாட்டுக்கு மேய்ந்தன. அன்றைக்குத்தான் முதல்தடவையாக எனக்கு அவர்கள் பாட்டில் சொல்கிற வார்த்தை காதில் விழுந்தது. இப்போதும் யாராவது படித்த பிள்ளைகள், "இவங்க வாசிப்புல ஒரு அடக்கம் இருக்குதுங்க, அது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தில் வாசிக்கப் போனாலும் அந்த இடத்துக்காரரிடம் முதலில் ஏதாவது கேட்பார்கள். அதை வைத்து அங்கேயே ஒரு பாட்டுக் கட்டுவார்கள். என்னிடம் அந்தப் பெண், டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஒங்ககிட்ட எல்லாரும் அடிக்கடி சொல்லுத பேச்சு எது?"

யோசிக்கவே இல்லை. "அக்கட்டால நில்லு" என்றேன்.

தள்ளி நில் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். புருசன் போன பிறகு அதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள், "கண்ணு, நீ சித்த அக்கட்டால நில்லு." காது குத்து நடக்கிறது, "அம்மிணி, அக்கட்டால நின்னு பாரு சாமி." அன்பாகத்தான் சொல்வார்கள். திட்டிச் சொன்னால் திருப்பித் திட்டலாம். கண்ணு, சாமி என்று சொல்லித் தள்ளினால் என்ன செய்வது? நானும் நின்றேன். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு கிடார் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அன்று பாதி போய்விட்டது.

அந்த வார்த்தையை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள். கேலிப் பாட்டு. வாசலில் நின்றால் அக்கட்டால நில்லு, வரிசையில் நின்றால் அக்கட்டால நில்லு, இப்படியே போனால் நான் எந்த ஊரில்தான் நிற்பது என்று கேட்கிற பாட்டு. அழுகிற பாட்டாகக் கட்டியிருந்தால் தம்பியென்றும் பார்க்காமல் துரத்தியிருப்பேன். அது துள்ளுகிற பாட்டாக இருந்தது. என் மகள் தீவனம் போடும்போதெல்லாம் அதைத்தான் பாடினாள்.

அவர்கள் பாட்டை எதிலும் போடாவிட்டாலும் கேட்டவர்கள் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அது ஆளுக்கு ஆள் போனது. தென்னை மரம் ஏறுகிறவர்கள் வைத்திருந்தார்கள், வேலந்தாவளம் பஸ்ஸில் கேட்டது, தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் களை எடுக்கிற பெண்கள் பாடினார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் மட்டும், "அந்தக் கோழி ஷெட்டுப் பசங்கள ஊருக்குள்ள உடாதீங்க" என்றார்கள். செக்போஸ்ட்டில் உருமிக்காரனின் முடியைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தி உருமிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதில் அவர்களுக்கு ஒரே வருத்தம்.

அந்தப் பெண்ணின் அண்ணனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நானும் மகளும் பேண்டு வேனிலேயே போனோம். உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னார் காடு, மறையூர், மூணாறு என்று ஏறி ஏறி, சின்னக்கானலில் இறங்கும்போது எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. குளிர் வேறு. தேயிலைக் காட்டுக்கு நடுவே வரிசையாக லயத்து வீடுகள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் பெண்களெல்லாம் உட்கார்ந்து கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வார்த்தை! அக்கட்டால என்கிற சொல்லே அவர்கள் பேச்சில் கிடையாது. அவர்களுடையது தெற்கத்திப் பேச்சு. அது என்ன ஊர்ச் சொல் என்றுகூடத் தெரியாமல் வாய்க்கு ருசியாக இருக்கிறதென்று பாடுகிறார்கள்.

அதோடு விட்டார்களா? பாட்டை நீட்டியிருந்தார்கள். என் பாட்டில் ஊர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லும். இவர்கள் பாட்டில் இவர்கள் சொல்கிறார்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசுக்கு மேலேயே வந்து நிற்கிற சூப்பர்வைசரை, அக்கட்டால நில்லு. குடித்துவிட்டு வருகிற மருமகனை, அக்கட்டால நில்லு. லயத்துக்குள் புகுந்து அரிசி தின்ன வருகிற காட்டானையை, அக்கட்டால நில்லு ராசா! ஆனை வரிக்கு மட்டும் எல்லாரும் எழுந்து கும்பிட்டுக்கொண்டே பாடினார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், சிரிப்பிலேயே அழுதும்விட்டேன். எனக்குச் சொன்ன சொல்லை எடுத்து இப்படியும் திருப்பிப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றாமலே போயிற்றே என்று இருந்தது.

மறுநாள் காலையில் கல்யாணம். அந்தப் பெண்ணின் அம்மாவும் என்னைப் போலத்தான், புருசனை இழந்தவள். வேத வீடு அவர்களுடையது, கிறிஸ்தவர்கள். கோயிலுக்குக் கிளம்பும் முன் ஜெபம் நடந்தது. நான் வழக்கம்போல ஒரு ஓரமாக அவளைத் தேடினேன். அவள் ஓரத்தில் இல்லை. மாப்பிள்ளைக்கு எதிரில், எல்லாருக்கும் முன்னால் நின்றாள். மகன் குனிந்தான், அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். கோயில் வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க முன்னால நின்னதுக்கு யாரும் ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"பெத்தவ நிக்காம பின்ன யாரு மைனி நிப்பா?" என்றாள். அப்புறம் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "எங்களுக்குள்ளயும் உண்டும். வெள்ளச் சேலதான் கெட்டணும்னு சொன்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். ரெண்டு மாசம் பேசுனாவ, பெறவு வேற பேச்சு வந்துட்டு." அவள் கட்டியிருந்தது நல்ல கத்தரிப்பூ நிறம்.

போன வருசம் என் மகளுக்கு இடம் அமைந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பையன் நல்லவன், அவள் இஷ்டமும் கேட்டுத்தான் முடித்தோம். எங்கள் கல்யாணத்தில் தாரை வார்ப்பது என்று ஒன்று உண்டு. அப்பன் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா மேலே சொம்புத் தண்ணீரை ஊற்றுவாள். அதோடு பெண் அந்த வீட்டுக்குச் சொந்தம். புருசன் இல்லாதவள் சொம்பைத் தொடக் கூடாது. பெரியப்பனும் பெரியம்மாவும் அந்த இடத்தில் உட்காருவார்கள். என் மகளுக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் சம்சாரமும்தான் என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. நான் சமையல் பக்கம் இருக்க வேண்டியது.

"சொம்பு நீங்கதான் புடிக்கோணும்" என்றாள் மகள்.

"வாய மூடீட்டுப் போடி" என்றேன்.

போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஆசையாக இருந்தது. ஒற்றை ஆளாக வளர்த்த பெண், கடைசித் தண்ணீரை நான் ஊற்ற வேண்டும் என்று அப்படியொரு ஆசை. பயமும் இருந்தது. ஊர் பேசும் என்பதல்ல பயம். நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஐயோ என் கை பட்டதாலோ என்று நானே நினைத்துவிடுவேனோ என்பதுதான் பயம். அந்த நினைப்பு மட்டும் வந்துவிட்டால் அப்புறம் நான் எப்படி உயிரோடு இருப்பது? சின்னக்கானலில் அந்தத் தாய் சிலுவை போட்ட கட்டைவிரல் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் மகன் நன்றாகத்தான் இருக்கிறான், குழந்தையும் பிறந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் துணிந்து, பெரிய மாமா என்று நான் கூப்பிடுகிற என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தேங்காய் வெட்டுக்கு ஆள் விட்டுக்கொண்டிருந்தார். "மாமா, புள்ளைக்குத் தாரை நான் வாக்கறனுங்க" என்றேன். அவர் மரத்தையே அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

"ஊரு என்ன சொல்லும், அம்மிணி?"

"ஊரு சோறு திங்க வருமுங்க மாமா. தின்னுபோட்டுப் போகும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் துடைத்துக்கொண்டு, "உங்கக்காளைக் கேளு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "அந்தப் பாட்டு உன்றதுதான? எனக்குத் தெரியும்டீ. களை எடுக்கற பொம்பளைகளெல்லாம் பாடுதுக. நானும் கூடப் பாடீட்டு இருந்தேன், கிறுக்கச்சி மாதிரி. அப்பறந்தான் வெளங்குச்சு, இவ என்னையில்ல வெச்சுப் பாடியிருக்கறா! உனக்கு அந்தப் பேச்ச அதிகமாச் சொன்னது நாந்தான. காது குத்துல சொன்னேன், வளைகாப்புல சொன்னேன். அதுக்கு ஊரு பூராப் பாட்டுக் கட்டி நாறடிப்பியா?"

"உங்களைச் சொல்லலீங்க அக்கா" என்றேன். பொய். அவளையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"சொம்பு நாந்தான் புடிப்பேன். போ" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பந்தல்கால் நடும்போதும் பேசவில்லை, சீர்த்தட்டு அடுக்கும்போதும் பேசவில்லை. எனக்கும் ரோசம், நானும் பேசவில்லை.

கல்யாண ஆடிட்டோரியத்தில் என் தம்பியும் பேண்டுக்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பெண் மட்டும் தன் அம்மாவோடு முன் வரிசையில் இருந்தாள். நான் மணவறைக்குப் பக்கவாட்டில், தூணை ஒட்டி நின்றேன். அதுவரைக்கும்தான் எனக்குத் தைரியம் வந்தது. எங்கள் சனத்தில் கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் தாரைக்குக் கூப்பிட்டார். பெரிய மாமா உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா, பட்டுச்சேலையில், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா என் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். என் மகள் என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஸ்ஸ், கருமம் புடிச்ச கை" என்று அக்காவின் சத்தம் கேட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "மரத்துப் போச்சு. சொம்பத் தூக்க முடியல."

அருமைக்காரர் பதறிப்போய், "வேற யாராச்சும் சுமங்கலி வாங்கம்மா" என்றார். ரெண்டு பேர் எழுந்தார்கள்.

"எதுக்கு ஊர்ல இருக்கறவிய?" என்று அக்கா கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. "பெத்தவ அங்க தூணைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறா பாருங்க. வாடி இங்க. நேரமாவுதில்ல? நல்ல நேரம் உனக்காவக் காத்துட்டிருக்குமா?"

தூணை விட்டுவிட்டு நடந்தேன். அருமைக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா, "ஆகட்டுமுங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அக்கா மரத்துப்போன கையாலேயே முழுச் சொம்பையும் அலுங்காமல் தூக்கி என்னிடம் கொடுத்தாள். நான் ஊற்றினேன். தண்ணீர் மாமா விரலில் பட்டு, மகள் விரலில் பட்டு, மாப்பிள்ளை கையில் இறங்கியது. பயம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். "போதும் போதும், மணவறை முழுகிரப் போவுது" என்று அக்கா சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

மறுவீடு எல்லாம் முடிந்து, ஷெட்டில் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கியிருந்தேன். சாயங்காலம் மேற்குத் தெருவில் இருந்து ஒருத்தி வந்தாள். எனக்கு முன்னாலேயே புருசனை இழந்தவள். எந்த விசேசத்திலும் அவள் முகத்தை நான் பார்த்தது கிடையாது. கோழி எரு எப்போது அள்ளுவீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். போகாமல் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். தை மாசத்தில் அவள் பெண்ணுக்குக் கல்யாணம் என்று எனக்கும் தெரியும்.

"ஏனம்மிணி, அன்னிக்கு நீ சொம்ப ஒத்தக் கையில புடிச்சயா, ரெண்டு கையிலயுமா?"

நான் உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்து வந்தேன். குழாயில் தண்ணீர் பிடித்து, வலது கையில் கழுத்தைப் பிடித்து, இடது கையை அடியில் கொடுத்து, அவள் கால்மாட்டில் மண்ணில் மெதுவாக ஊற்றிக் காட்டினேன். கண் எடுக்காமல் பார்த்தாள்.

"குடு, நான் ஒருக்கா ஊத்திப் பாக்கறேன்" என்றாள்.